மாட்டுக்குப் பல், சிலிண்டருக்குக் கழுத்து

புதன்சந்தை மாட்டுச் சந்தையில் நின்று பார்த்திருக்கிறீர்களா? வாங்க வந்தவர் எடுத்தவுடன் விலை கேட்க மாட்டார். மாட்டின் வாயைப் பிரித்துப் பல்லைப் பார்ப்பார். சுழி பார்ப்பார். நாலு எட்டு நடக்கவிட்டுப் பின்னங்காலைக் கவனிப்பார். எல்லாம் மனசுக்குப் பட்ட பிறகுதான் துண்டுக்குள் கை போகும். அதே ஆள் பட்டறைக்குப் பழைய ஆக்சிஜன் சிலிண்டர் வாங்கப் போனால், பெயின்ட் பளபளக்கிறதா என்று பார்க்கிறார், காலால் ஒரு தட்டுத் தட்டுகிறார், "எவ்வளவுங்க?" என்று கேட்டுவிடுகிறார்.

மாடு ஏமாற்றினால் பால் குறையும், அவ்வளவுதான். சிலிண்டர் அப்படி இல்லை. 2022 அக்டோபரில் திருச்சிக் கடைவீதியில் பலூனுக்கு நிரப்ப வைத்திருந்த ஹீலியம் சிலிண்டர் வெடித்தது. ஒருவர் இறந்தார், பலர் காயமடைந்தார்கள். ஹீலியம் எரியவே எரியாது. உள்ளே இருப்பது தீப்பிடிக்காத வாயுவாக இருந்தாலும், அடைபட்ட அழுத்தமே ஆளைக் கொல்லும்.

போன கோடையில் சொந்தக்காரப் பையன் ஒருவன் நாமக்கல் பரமத்தி ரோட்டில் சின்னதாகப் பட்டறை போட இடம் பிடித்தான். லாரி பாடிக்கு ஒட்டு வேலை, டிப்பர் கதவு, சேஸ் வெட்டு என்று ஆரம்பிக்கிற திட்டம். ஒருநாள் ராத்திரி போன் செய்தான்.

"மாமா, ஒரு செட்டே வருதுங்க. ரெண்டு ஆக்சிஜன், ஒரு டிஏ அசிட்டிலின், ரெகுலேட்டர், ட்யூப், கட்டிங் டார்ச், எல்லாம் சேத்தி. பட்டறைய மூடறவரு குடுக்கறாரு. புதுசுல பாதி வெலகூட இல்லீங்க."

"பணம் குடுத்துட்டயா?"

"இன்னும் இல்லீங்க."

"அப்பச் செரி. நாளைக்கு நானும் வர்றேன்."

அந்தச் செட்டில் எதை எடுத்தோம், எதை விட்டோம், ஏன் என்பதை விரித்து எழுதியதுதான் இந்த வழிகாட்டி.

யாருடைய சிலிண்டர்?

விலைக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி இது. பட்டறையை மூடுகிறவர் விற்கிறார் என்றதும் அது அவர் சொத்து என்று நினைத்துக்கொள்கிறோம். டெபாசிட் கட்டி, வாடகை கொடுத்து அவர் வைத்திருந்த ஏஜென்சி சிலிண்டராகவும் அது இருக்கலாம். வாடகைக்கு இருப்பவர் வீட்டை விற்க முடியாது. சிலிண்டருக்கும் அதே நியாயம்தான்.

கம்பெனிச் சிலிண்டராக இருந்தால் கழுத்தில் கம்பெனியின் பெயரோ குறியெழுத்தோ கொத்தியிருக்கும். பழைய பெயராகவும் இருக்கலாம். 1935இல் இந்தியன் ஆக்சிஜன் அண்டு அசிட்டிலின் கம்பெனியாகத் தொடங்கியது பின்னால் பிஓசி இந்தியா ஆயிற்று, இன்று லிண்டே இந்தியா. "இப்படி ஒரு கம்பெனியே இப்ப இல்லீங்க, தைரியமா எடுங்க" என்று விற்பவர் சொன்னால் நம்ப வேண்டாம். பெயர்ப்பலகை மாறினாலும் சொத்து கம்பெனியோடுதான் இருக்கும். எழுத்தை கிரைண்டரால் தேய்த்திருந்தால் பேச்சே தேவையில்லை, வந்த வழியே திரும்பிவிடுங்கள். அது திருட்டுச் சரக்காக இருக்கலாம். திருட்டு இல்லாவிட்டாலும், தேய்த்த இடத்தில் இரும்பு மெலிந்திருக்கும்.

1884ஆம் வருடத்து வெடிபொருள் சட்டத்தின்கீழ் வந்தவை 2016ஆம் ஆண்டின் கேஸ் சிலிண்டர் விதிகள். நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு, சுருக்கமாக பெசோ, இவற்றை நடைமுறைப்படுத்துகிறது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் அதன் ஆயுள் முழுக்க ஒரு பதிவேட்டை உரிமையாளர் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. ஆகவே "பேப்பர் எல்லாம் எதுக்குங்க?" என்று கேட்கிறவர் ஒன்று உரிமையாளராக இருக்க மாட்டார், அல்லது பொறுப்பானவராக இருக்க மாட்டார்.

சாக்பீஸும் கம்பி பிரஷும்

மறுநாள் போகும்போது என் சட்டைப் பையில் ஒரு சாக்பீஸ், ஒரு டார்ச் லைட். பையன் கையில் கம்பி பிரஷ்.

சிலிண்டரின் வால்வுக்குக் கீழே உடம்பு சரிந்து இறங்குகிற இடத்தைத் தோள் என்பார்கள், கழுத்து என்றும் சொல்வதுண்டு. எழுத்தெல்லாம் அங்கேதான். பத்துத் தடவை பெயின்ட் அடித்ததில் குழிகள் அடைபட்டு ஒன்றும் தெரியவில்லை. பிரஷால் லேசாகத் தேய்த்து, சாக்பீஸைப் படுக்கப் போட்டு உரசி, மேலாக உள்ளங்கையால் துடைத்தோம். மேல்பரப்பு கறுப்பாகிவிட, குழிக்குள் மட்டும் வெள்ளை நின்றது. எழுத்து ஒவ்வொன்றாக எழுந்து வந்தது.

படிக்க வேண்டியவை இவை:

• தயாரித்தவர், உரிமையாளர் குறி, வரிசை எண். விற்பவர் காட்டும் பில்லிலும் இதே எண் இருக்க வேண்டும்.

• ஐ.எஸ். 7285. ஒட்டே இல்லாமல் செய்த எஃகுச் சிலிண்டருக்கான இந்தியத் தரம் இது. ஆக்சிஜன், ஆர்கான், நைட்ரஜன் எல்லாம் இந்த வகைச் சிலிண்டரில்தான் வருகின்றன.

• எந்த வாயுவுக்கான சிலிண்டர் என்ற குறி.

• நீர்க் கொள்ளளவும் வேலை அழுத்தமும். பட்டறையில் "ஏழு கியூப்" என்று சொல்லும் பெரிய ஆக்சிஜன் சிலிண்டரின் கொள்ளளவு 46.7 லிட்டர், அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 150 கிலோ. இரண்டையும் பெருக்கினால் 7,000 லிட்டர், அதாவது 7 கன மீட்டர். பெயரே கணக்கிலிருந்து வந்தது.

• வெறும் எடை. இதை ஒரு துண்டுச் சீட்டில் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

• சோதனைத் தேதிகள். ஆக்சிஜன் சிலிண்டரை 5 ஆண்டுக்கு ஒருமுறை தண்ணீர் அழுத்தச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். வீட்டு சமையல் கேஸ் சிலிண்டரின் கைப்பிடிப் பட்டையில் சி-27 என்று இருந்தால் 2027 ஜூலை முதல் செப்டம்பருக்குள் சோதனை என்று பெண்கள் பார்த்து வாங்குகிறார்கள் அல்லவா, அதே கவனம் இங்கேயும் வேண்டும். ஒரு வித்தியாசம் உண்டு. சமையல் சிலிண்டரில் இருப்பது அடுத்த சோதனைக்கான தேதி. தொழிற்சாலைச் சிலிண்டரின் தோளில் வரிசையாக இருப்பவை நடந்து முடிந்த சோதனைகளின் தேதிகள். கடைசித் தேதியோடு 5 கூட்டிப் பாருங்கள்.

எழுத்தைப் படித்தபின் உடம்பு. அடிப்பாகத்தில் துரு தின்ற குழிகள், பள்ளம், கீறல், வீக்கம், பெயின்ட் கொப்புளித்த இடம், எல்லாம் பாருங்கள். முக்கியமாக வெல்டிங் சுட்ட தழும்பு. எர்த் கிளாம்ப்பை சிலிண்டரில் மாட்டுகிறவர்களும், ராடு பற்றுகிறதா என்று அதன்மேல் உரசிப் பார்க்கிறவர்களும் நம் ஊரில் இருக்கிறார்கள். சூடேற்றிப் பதப்படுத்திய எஃகு அது. கடுகளவு இடம் உருகி ஆறினாலும் அங்கே கடினமாகி, விரிசலுக்கு வழி திறந்துவிடும். ஒட்டில்லாத சிலிண்டரின் உடம்பில் வெல்டிங் வைத்து அடைத்திருந்தால் அதை நிரப்பும் நிலையத்துக்குக்கூடக் கொண்டுபோக வேண்டாம்.

நிறத்தை நம்பாதீர்கள். தொழிற்சாலை ஆக்சிஜன் முழுக்கக் கறுப்பு. ஆஸ்பத்திரி ஆக்சிஜனுக்குக் கறுப்பு உடம்பு, வெள்ளைத் தோள். டிஏ அரக்கு. ஆர்கான் நீலம். நைட்ரஜன் சாம்பல் உடம்பு, கறுப்புக் கழுத்து. இதெல்லாம் விதி. ஒரு டப்பா பெயின்ட் இருந்தால் விதியை மறைத்துவிடலாம். 2021 கொரோனா அலையில் ஆக்சிஜனுக்கு நாடே அல்லாடியபோது, ஆர்கான், நைட்ரஜன் சிலிண்டர்களை முறைப்படி சுத்தம் செய்து ஆக்சிஜனுக்கு மாற்ற பெசோ அனுமதித்தது. சேலம் உருக்காலை வளாகத்தில் 500 ஆக்சிஜன் படுக்கைகள் போட்டது அந்த வருட மே மாதத்தில்தான். "கொரோனா டைம்ல வாங்கினதுங்க, அப்புறம் சும்மாதான் நின்னுச்சு" என்று ஒரு சிலிண்டர் வந்தால், முதலில் எந்த வாயுவுக்குப் பிறந்தது, யார் மாற்றினார்கள், வால்வும் மாறியதா என்று கேளுங்கள். வெள்ளைத் தோள் சிலிண்டரை வெல்டிங் பட்டறைக்கு எடுக்கவே கூடாது. நாளை அது மறுபடி ஒரு நோயாளியின் மூக்குக்குப் போகலாம்.

கேஸுக்குக் கேஸ் தீர்ப்பு வேறு

*ஆக்சிஜன்: நிபந்தனையோடு வாங்கலாம்.* உள்ளே வெறும் இரும்புக் கூடுதான், அதனால் சோதித்துச் சொல்லிவிட முடியும். ஆனால் வெட்டு வேலை நடந்த பட்டறைச் சிலிண்டரில் கண்ணுக்குத் தெரியாத ஒரு வினை ஒளிந்திருக்கலாம். ஆக்சிஜன் தீரும்வரை டார்ச்சை எரியவிட்டால், அந்தப் பக்கம் அழுத்தம் குறைந்து, எரிகிற கேஸ் ட்யூப் வழியாக ஆக்சிஜன் சிலிண்டருக்குள்ளேயே பின்னேறிவிடும். அடுத்த முறை அதில் 150 கிலோ அழுத்தத்துக்கு ஆக்சிஜன் ஏற்றினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. இதனால்தான் சிலிண்டரை அடிவரை தீர்க்காமல் கொஞ்சம் அழுத்தத்தோடு திருப்ப வேண்டும் என்கிறார்கள். வால்வு திறந்தபடி முற்றிலும் காலியாகக் கிடந்த சிலிண்டர் என்றால், உள்ளே சுத்தம் செய்து சோதித்த சான்று இல்லாமல் தொட வேண்டாம். வால்வில் எண்ணெய்ப் பிசுக்கோ கிரீஸோ கண்டாலும் அப்படியே. அழுத்தமான ஆக்சிஜனில் எண்ணெய் பற்றிக்கொள்ளத் தீக்குச்சி வேண்டியதில்லை.

*டிஏ: கைமாற்றாக வேண்டவே வேண்டாம்.* டிஏ என்பது கரைந்த அசிட்டிலின். அந்தச் சிலிண்டர் வெறும் கூடு இல்லை. உள்ளே கடற்பஞ்சுபோல் நுண்துளை நிறைந்த திடப்பொருள் நிரம்பியிருக்கும். அதில் அசிட்டோன் ஊறியிருக்கும். அசிட்டோனில்தான் அசிட்டிலின் கரைந்திருக்கிறது. இத்தனை ஏற்பாடு எதற்கென்றால், தனித்த அசிட்டிலின் ஒன்றரைக் கிலோ அழுத்தத்தைத் தாண்டினாலே ஆக்சிஜன் இல்லாமலும் சிதைந்து வெடிக்கும் குணம் கொண்டது. அந்தப் பஞ்சு நொறுங்கிக் கீழே அமர்ந்திருந்தால் மேலே வெற்றிடம். அசிட்டோன் குறைந்திருந்தால் கேஸுக்குப் பிடிமானம் இல்லை. இரண்டையும் வெளியிலிருந்து பார்த்தோ தட்டியோ எடை தூக்கியோ பட்டறைக்காரரால் சொல்ல முடியாது. பழைய சிலிண்டர்கள் சிலவற்றின் பஞ்சில் கல்நாரும் உண்டு. டிஏவுக்கு வாடகைதான் வழி. பஞ்சின் கவலையை ஏஜென்சி படட்டும்.

*ஆர்கானும் சி.ஓ.2வும்: ஆக்சிஜன் மாதிரிதான், கூடுதலாக ஒரு கவனம்.* டிரெய்லர், டேங்கர் வேலையில் சி.ஓ.2 வெல்டிங்கும், எவர்சில்வர் வேலையில் ஆர்கானும் தேவைப்படும். ஆர்கான் அழுத்தத்தில் அடைக்கும் வாயு. கார்பன் டை ஆக்சைடை உள்ளே திரவமாக எடை பார்த்து நிரப்புகிறார்கள். 31 டிகிரிக்கு மேல் அது திரவமாக நிற்காது. சேலத்து மதிய வெயிலில் மாதக்கணக்கில் அந்த அளவைத் தாண்டுகிறோம். எடைக்கு மேல் நிரப்பிய சிலிண்டரில் அழுத்தம் கிடுகிடுவென ஏறும். பழைய தீயணைப்புச் சிலிண்டரை வெல்டிங்குக்கு மாற்றித் தருகிறேன் என்கிறவரிடம் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

*எல்பிஜி: விற்கவே முடியாத பொருள்.* கேஸ் டேங்கர் லாரிகளால் பெயர்பெற்ற ஊர் நாமக்கல். அந்த ஊர்ப் பட்டறைகளிலேயே சிவப்பு நிற 14.2 கிலோ வீட்டுச் சிலிண்டரை கட்டிங்குக்கு வைப்பதைப் பார்க்கலாம். அந்தச் சிலிண்டர் எண்ணெய் நிறுவனத்தின் சொத்து, நம்மிடம் இருப்பது டெபாசிட்டின்பேரில்தான். அதைப் பழையது என்று விற்கவோ வாங்கவோ முடியாது. வீட்டுச் சிலிண்டரைப் பட்டறையில் எரிப்பது 2000ஆம் ஆண்டின் எல்பிஜி ஒழுங்குமுறை ஆணைப்படி குற்றம். 19 கிலோ வணிகச் சிலிண்டருக்கு உங்கள் பெயரில் இணைப்பு எடுங்கள். உரிமம் இல்லாமல் 100 கிலோவரை எல்பிஜி வைக்கலாம். 5 சிலிண்டர் என்றால் 95 கிலோ, ஆறாவது வந்தால் உரிமம் வேண்டும்.

உங்கள் வேலைக்கு எது?

இப்போது தேர்வுக்கு வருவோம். பழையது, வாடகை, புதியது, கேஸே இல்லாத வழி என்று நான்கும் நம் ஊரில் கிடைக்கின்றன. எது நல்லது என்பது வேலையைப் பொறுத்தது.

கிரில், கேட், தண்ணீர்த் தொட்டி ஸ்டாண்டு செய்கிற கிராமத்துப் பட்டறைக்குப் பெரும்பாலும் கேஸே தேவையில்லை. இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷினும் ஆங்கிள் கிரைண்டரும் போதும். மாதத்தில் இரண்டு நாள் கனமான தகடு வந்தால் அதைப் பக்கத்துப் பட்டறையில் வெட்டி வாங்கிக்கொள்ளலாம். கையில் காசு இருந்தால் பழைய சிலிண்டருக்குப் போடுவதை பிளாஸ்மா கட்டருக்குச் சேர்த்து வையுங்கள்.

லாரி பாடி, டிப்பர், சேஸ் வேலையில் தினமும் வெட்டுகிறவர்களுக்கு வாடகை வசதி. காலி கொடுத்து நிறைந்தது வாங்கிக்கொண்டே இருக்கலாம், சோதனையும் பராமரிப்பும் ஏஜென்சியின் தலைவலி. இவர்கள் டிஏவுக்குப் பதில் எல்பிஜி வைத்து வெட்டலாமா என்று கேட்பதுண்டு. வெட்டுக்கு நன்றாகவே ஆகும். ஆக்சிஜனோடு எல்பிஜி தரும் தீ சுமார் 2,800 டிகிரி, அசிட்டிலின் 3,100க்கு மேல். தகடு சூடேறச் சில நொடி கூடும், அவ்வளவுதான். இரும்பை இரும்போடு உருக்கி ஒட்டும் கேஸ் வெல்டிங்குக்கு மட்டும் எல்பிஜி ஆகாது. நாசிலையும் மாற்ற வேண்டும். இன்னொன்று, எல்பிஜி காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தவழ்ந்து லாரியின் அடியில் வேலை பார்க்கத் தோண்டிய குழிக்குள் போய்த் தேங்கும். பிட் இருக்கிற பட்டறையில் சிலிண்டரை அதன் பக்கத்தில் நிறுத்தாதீர்கள்.

திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர்கள் கதை தனி. வண்டி ஊரைவிட்டுக் கிளம்பினால் மாதக்கணக்கில் வடமாநிலங்களில் போர் போட்டுக்கொண்டு இருக்கும். சேலத்து ஏஜென்சியின் வாடகைச் சிலிண்டரை அங்கே எங்கும் மாற்ற முடியாது, வாடகை மட்டும் இங்கே ஓடிக்கொண்டே இருக்கும். இவர்களுக்குச் சொந்தச் சிலிண்டர்தான் கட்டும். அதுவும் பேப்பரோடு புதியது. வழியில் எந்த நிலையம் கேட்டாலும் பில்லையும் சான்றையும் நீட்ட முடிய வேண்டும், சோதனைத் தேதியும் பயணத்தைத் தாண்டி இருக்க வேண்டும்.

சேலம் செவ்வாய்பேட்டை, சிவதாபுரம் கொலுசுப் பட்டறைகளில் பற்ற வைப்பது சின்னத் தீயில். அங்கே பெரிய சிலிண்டர் இடத்தை அடைப்பதோடு ஆபத்தையும் கூட்டும். வீடும் பட்டறையும் ஒன்றாக இருக்கிற இடத்தில் சின்னச் சிலிண்டர் போதும்.

பழையது யாருக்கு? தினமும் கேஸ் தேவைப்படாது, ஆனால் வாரத்தில் இரண்டு மூன்று நாள் கட்டாயம் வேண்டும், சொந்த ஊரிலேயே வேலை, பக்கத்தில் நிரப்பும் நிலையம் உண்டு என்கிற நடுத்தரப் பட்டறைக்கு. அங்கேயும் டிஏ கிடையாது. கணக்கை இப்படிப் போடுங்கள். சிலிண்டர் விலை, சோதனைக் கட்டணம், புது வால்வு தேவைப்பட்டால் அது, ஏற்றுக்கூலி எல்லாவற்றையும் கூட்டுங்கள். உங்கள் ஊர் மாத வாடகையால் வகுங்கள். வருகிற எண்தான் போட்ட காசு திரும்பும் மாதங்கள். அடுத்த சோதனைக்கு மிச்சமிருக்கும் மாதங்களைவிட அது அதிகமாக இருந்தால், மலிவு என்று நினைத்தது மலிவே இல்லை.

நிரப்புகிறவரை முதலில் பிடியுங்கள்

நம் ஆட்கள் சிலிண்டரை முதலில் வாங்கிவிட்டு, பிறகு யார் நிரப்பித் தருவார்கள் என்று அலைகிறார்கள். வரிசையைத் தலைகீழாக மாற்றுங்கள். முதலில் நிரப்பும் நிலையத்துக்குப் போய், "வெளிச் சிலிண்டர் எடுப்பீங்களா, என்னென்ன பேப்பர் வேணும்?" என்று கேளுங்கள். அங்கே கிடைக்கும் பதிலே உங்களுக்குப் பாதி வழிகாட்டி.

"எதுவும் வேண்டாங்க, கொண்டாங்க ஊத்தித் தர்றேன்" என்று ஒருவர் சொன்னால் சந்தோஷப்படாதீர்கள். உங்கள் சிலிண்டரைப் பார்க்காமல் நிரப்புகிறவர் மற்றவர் சிலிண்டரையும் அப்படித்தான் நிரப்புகிறார். நாலு கேள்வி கேட்டு, தேதி பார்த்து, ஒன்றைத் திருப்பி அனுப்புகிற ஆள்தான் உங்களுக்கு வேண்டியவர்.

பிறகு விற்பவரிடம் பேசுங்கள். அட்வான்ஸ் கொடுத்தாலும் ரசீதில் "சோதனையில் தேறினால் மட்டும்" என்று எழுதி வாங்குங்கள். பில்லில் வரிசை எண், தயாரிப்பாளரின் சான்று, கடைசிச் சோதனைச் சான்று, விற்பவரின் கையெழுத்திட்ட உரிமை மாற்றக் கடிதம் நான்கும் வேண்டும். சிலிண்டரை பெசோ அங்கீகாரம் பெற்ற சோதனை நிலையத்துக்கு அனுப்புங்கள். தேறி வந்தபின் மீதிப் பணம். நிறைந்த சிலிண்டராக வாங்காதீர்கள். உள்ளே என்ன இருக்கிறது என்பதற்கு விற்பவரின் வாய்ச்சொல் மட்டுமே ஆதாரம். காலி செய்ய நீங்களே வால்வைத் திறந்து ஊதவிடவும் வேண்டாம்.

செட்டோடு வரும் மற்ற சாமான்களையும் பிரித்துப் பாருங்கள். டார்ச் உடம்பைக் கசிவு பார்த்து எடுத்துக்கொள்ளலாம். ரெகுலேட்டர், ட்யூப் இரண்டும் புதிதாகத்தான் வாங்க வேண்டும். அவற்றோடு ஃப்ளாஷ்பேக் அரெஸ்டரும். தீ பின்னேறாமல் தடுக்கும் அந்தச் சின்னப் பித்தளைக் குப்பியை "அதெல்லாம் எதுக்கு" என்று கழற்றி வைப்பவர்களே அதிகம். ஆக்சிஜன் ட்யூப் நீலம், வலது மரை. எரியும் கேஸ் ட்யூப் சிவப்பு, இடது மரை, நட்டில் வெட்டுக்குறி இருக்கும். ஒன்றை இன்னொன்றில் மாட்ட அடாப்டர் செய்து தருகிறேன் என்பவர் உங்கள் எதிரி. கிழிந்த டிஏ ட்யூபுக்கு நடுவில் செம்புக் குழாய் வைத்து ஒட்டுப்போடுவதும் அப்படியே. செம்போடு சேர்ந்தால் அசிட்டிலின் தொட்டால் வெடிக்கும் உப்பாக மாறும்.

மூலையில் ஏற்கெனவே ஒன்று கிடந்தால்

அப்பா காலத்துச் சிலிண்டர் மாட்டுக் கொட்டகை ஓரம் கிடக்கிறது, யாருடையது என்று தெரியாது என்று பலர் கேட்கிறார்கள். மூன்று விஷயம் செய்யாதீர்கள். பழைய இரும்புக் கடைக்குப் போடாதீர்கள், அங்கே அதை வெட்டப்போகிறவர் ஏதும் அறியாத ஒரு கூலிப் பையன். அடுப்போ தொட்டியோ செய்ய நீங்களே வெட்டாதீர்கள். இறுகிய வால்வைக் குழாய் மாட்டிய ஸ்பேனரால் நெம்பாதீர்கள்.

நிழலில் நிமிர்த்தி நிறுத்திச் சங்கிலி போட்டு, கழுத்து எழுத்தை போனில் படமெடுத்துக்கொள்ளுங்கள். கம்பெனிக் குறி இருந்தால் அந்தக் கம்பெனியின் ஏஜென்சிக்குச் சொல்லுங்கள். குறி இல்லாவிட்டால் நிரப்பும் நிலையத்தையோ சோதனை நிலையத்தையோ கேளுங்கள். கழிக்க வேண்டியதைத் திரும்பப் பயன்படாதபடி நசுக்கியோ துண்டாக்கியோ அழிக்க வேண்டும் என்பது விதி. அதைச் செய்ய முறை தெரிந்த கை வேண்டும். டிஏ என்றால் இன்னும் கூடுதல் கவனம். காலி என்று தோன்றினாலும் அசிட்டோனும் கேஸும் பஞ்சுக்குள் ஊறிக் கிடக்கும்.

கொண்டுவந்து வைத்த பிறகு

நிறைந்த சிலிண்டரை இருசக்கர வாகனத்தில் ஏற்றக்கூடாது என்று விதியிலேயே இருக்கிறது. நம் ஊர் டி.வி.எஸ். எக்ஸ்.எல்.லுக்குத்தான் அது தெரியாது. குட்டியானை வண்டியில் நிமிர்த்திக் கட்டி, கேப் போட்டு, இறக்கும்போது பழைய லாரி டயர்மேல் இறக்குங்கள். டிஏ படுத்தபடி வந்திருந்தால் உடனே பற்றவைக்காமல் சில மணி நேரம் நிமிர்த்தி வையுங்கள், அசிட்டோன் கீழே இறங்கட்டும். பயன்படுத்தும்போது டிஏ ரெகுலேட்டரை ஒரு கிலோவுக்குமேல் ஏற்ற வேண்டாம்.

தகரக் கூரைக்குக் கீழே சுவரை ஒட்டி நிறுத்துவது நம் வழக்கம். 15 டிகிரியில் 150 கிலோ அழுத்தம் காட்டும் ஆக்சிஜன், 45 டிகிரியில் 165ஐத் தொடும். நல்ல சிலிண்டர் தாங்கும். உள்ளே துரு தின்ற சிலிண்டரைப் பற்றி யார் உத்தரவாதம் தருவது? ஒரு ஓலைப் பந்தல் போட்டு நிழல் கொடுங்கள்.

லாரிப் பட்டறைகளுக்கு ஒரு தனி எச்சரிக்கை. அடைத்த டீசல் லைனை ஆக்சிஜன் வைத்து ஊதாதீர்கள், டயருக்கு அடிக்காதீர்கள், வேலை முடிந்து சட்டைத் தூசியை அதில் தட்டாதீர்கள். காற்றும் ஆக்சிஜனும் ஒன்று என்று நினைத்த கைகள்தான் அதிகம் வெந்திருக்கின்றன. தீ பின்னேறி டிஏ உடம்பு சூடாவது தெரிந்தால், வால்வை அடைக்க முடிந்தால் அடைத்துவிட்டு ஆட்களை வெளியேற்றுங்கள். தூர நின்று தண்ணீர் அடியுங்கள். 101 அல்லது 112ஐ அழையுங்கள்.

மூன்று கிலோ

பையன் விஷயத்துக்கு வருகிறேன். டிஏவை அன்றே விட்டுவிட்டோம். சாக்பீஸ் போட்டுப் பார்த்ததில் அதில் ஏஜென்சிக் குறி இருந்தது. "அது ஏஜென்சியோடதுங்க, அவங்களுக்கே திருப்பிக் குடுத்து டெபாசிட் வாங்கிக்கோங்க" என்றதும் விற்பவருக்கே முகம் மலர்ந்துவிட்டது. டெபாசிட் கட்டியதையே மறந்திருந்தார்.

இரண்டு ஆக்சிஜனையும் சோதனைக்கு அனுப்பினோம். முதலாவது தேறியது. இரண்டாவதுதான் பார்க்க நன்றாக இருந்தது. புதுப் பெயின்ட், பள்ளமில்லை, தட்டினால் கோயில் மணிபோல் கணீரென்றது. நிலையத்தில் வால்வைக் கழற்றித் தராசில் ஏற்றினார்கள். கழுத்தில் கொத்தியிருந்த வெறும் எடை 56.4. தராசு காட்டியது 53.2. வித்தியாசம் 3.2 கிலோ. வெறும் எடையில் 5 சதவீதத்துக்குமேல் இழந்த சிலிண்டரைக் கழிக்க வேண்டும் என்பது விதி. 56.4க்கு 5 சதவீதம் 2.8 கிலோ. அங்கேயே அதன் கதை முடிந்தது.

பையனுக்கு மனசு வரவில்லை. "மூணு கிலோதானுங்களே மாமா, பெரிய சிலிண்டருக்கு அது ஒரு கணக்கா?" என்றான். நிலையத்து ஊழியர் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு சின்ன பல்பை வயரில் கட்டி, கழுத்து ஓட்டை வழியாக உள்ளே இறக்கி, "பாருங்க தம்பி" என்று நகர்ந்து நின்றார். உள்ளே ஒரு பக்கம் மட்டும் மேலிருந்து கீழ்வரை செம்பழுப்பாகத் துரு. எப்போதோ வால்வு திறந்தபடி மழையில் படுத்துக் கிடந்திருக்கிறது. உள்ளே தேங்கிய தண்ணீர் ஒரு பக்கமாகவே இரும்பைத் தின்றிருக்கிறது. மூன்று கிலோவும் சுற்றிலும் சமமாகக் குறையவில்லை, அந்த ஒரு பட்டையிலேயே போயிருக்கிறது.

பையன் ரொம்ப நேரம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். இப்போது அவன் பட்டறையில் ஒரு சொந்த ஆக்சிஜன், ஒரு வாடகை ஆக்சிஜன், ஒரு வாடகை டிஏ. சுவரில் சாமி படத்துக்குக் கீழே ஆணியில் ஒரு சாக்பீஸ் டப்பா தொங்குகிறது. காலி கொடுத்து மாற்றி வாங்கும்போதெல்லாம், வண்டியிலிருந்து இறக்குவதற்கு முன்னால் கழுத்தில் ஒரு உரசு உரசுகிறான்.